திடலுக்குப் பக்கத்து வீடு

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கும்மிடிப்பூண்டியில் கிளம்பும் மின்சார ரயிலில் பொருட்காட்சிக்குப் போகிறவர்களை அடையாளம் காண்பது சுலபம். பிள்ளைகள் மேல் பண்டிகைக்கு எடுத்த புதுத்துணி. அம்மாக்கள் கையில் தண்ணீர் பாட்டிலும் புளிசாத டப்பாவும் அடங்கிய கட்டைப் பை. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஏற ஏற, எண்ணூர் தாண்டும்போது உட்கார இடமிருக்காது. மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, கூவத்தின் மேல் பாலத்தைக் கடந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் தீவுத்திடல் வந்துவிடும். ராட்சத ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, முறம் அகலத்துக்கு டெல்லி அப்பளம், அரசுத் துறைகளின் அரங்குகள். இரவு திரும்பும் ரயிலில் பிள்ளைகள் மடியில் தூங்கிப்போகும்.

போனவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திடலுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களோ, எல்லோரும் போன பிறகும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊருக்கே பொதுவான ஒரு திடலின் அருகில் குடியிருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பது அதிகம் பேசப்படாத விஷயம். விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையைப் பார்த்து எழுதுகிறார்கள். மேடைக்குப் பின்னால், தெருவைத் தாண்டி, ஒரு மாடி வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ இருப்பது கணக்கில் வருவதில்லை. அந்த வீட்டுக்காரர் வாய் திறந்தால் “பெரிய மனுசன், நாலு பேர் சந்தோசமா இருந்தா பொறுக்காது” என்று சொல்லிவிடுவார்கள். இது அநியாயமான பேச்சு. திடலை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

தீவுத்திடலையே எடுத்துக்கொள்ளலாம். கூவம் சூழ்ந்திருப்பதால் தீவு என்ற பெயர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவுக்கு 1839-இல் நிறுத்தப்பட்ட குதிரைச் சிலை இன்றும் அங்கே இருக்கிறது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று சென்னைக்காரர்கள் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவார்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் பொருட்காட்சி, தீபாவளிக்குப் பட்டாசுக் கடைகள், கட்சி மாநாடுகள், இசை நிகழ்ச்சிகள் என்று வருடத்தில் பல மாதங்கள் திடல் ஓய்ந்திருப்பதில்லை. 2023 டிசம்பர் 29 அன்று விஜயகாந்தின் உடல் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டதும் இங்கேதான். அன்று திடலில் கூடிய கூட்டம் கேளிக்கைக்கு வந்ததல்ல. ஒரு நகரம் கொண்டாடுவதற்கும் அழுவதற்கும் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் யாராவது குடியிருக்கத்தான் செய்வார்கள்.

குடியிருந்தார்கள். திடலை அடுத்த கூவக் கரையில் சத்தியவாணிமுத்து நகர் என்ற குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. ராட்டினத்தின் வெளிச்சம் வாசலில் விழும் தூரம். கூவம் சீரமைப்புக்காக 2019-இன் கடைசியிலும் 2020-இன் தொடக்கத்திலும் அந்தக் குடும்பங்கள் நகரத்தின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. திடலின் மிக நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்கள் இப்போது பொருட்காட்சி பார்க்க வேண்டுமானால், அவர்களும் கும்மிடிப்பூண்டிக்காரர்களைப் போல நெடுந்தூரம் பயணம் செய்துதான் வர வேண்டும்.

2024-இல் அந்தத் திடலைச் சுற்றிக் கார் பந்தயமே நடந்தது. தீவுத்திடல், கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக 3.5 கிலோமீட்டர் சுற்று. முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் இரவுப் பந்தயமாக நடந்தது. அந்தச் சுற்றை ஒட்டித்தான் ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை இருக்கிறது. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் தொலைவில் இல்லை. நோயாளிகள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. பந்தயம் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தார்கள். நியாயமான கேள்வி மூன்றாவது ஒன்று: இத்தனை நாள், இத்தனை மணி, இந்த அளவுக்கு மேல் சத்தம் கூடாது என்று அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்ட உறுதி ஏதாவது உண்டா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மும்பைக்குப் போக வேண்டியிருக்கிறது.

தாதரில் உள்ள சிவாஜி பார்க்கைப் பூங்கா என்று சொல்வதைவிட மைதானம் என்பதே சரி. ஏறத்தாழ 28 ஏக்கர் வெட்டவெளி. 1925-இல் பம்பாய் நகராட்சி உருவாக்கியது. முதலில் மாஹிம் பார்க். சிவாஜி பிறந்த முந்நூறாம் ஆண்டு நினைவாக 1927-இல் பெயர் மாறியது. நகராட்சி உறுப்பினராக இருந்த அவந்திகாபாய் கோகலே முன்னின்று செய்த மாற்றம் அது. மைதானத்தைச் சுற்றி ஓடும் தாழ்ந்த மதிலைக் ‘கட்டா’ என்கிறார்கள் மராத்தியர்கள். நம் ஊர்த் திண்ணை மாதிரி. காலையில் நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள், மாலையில் கல்லூரிப் பிள்ளைகள் என்று கட்டா காலியாக இருப்பதில்லை. மைதானத்தின் நான்கு பக்கமும் வீடுகள்.

அந்த மைதானத்துக்கு அருகில் இருப்பதற்காகவே வீடு மாறிய ஒரு சிறுவனின் கதை உலகத்துக்கே தெரியும். பாந்த்ராவிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்கும் பயிற்சிக்கும் அலைந்து களைத்துப்போன சச்சின் டெண்டுல்கர், சிவாஜி பார்க்கை ஒட்டியிருந்த சித்தப்பா வீட்டில் தங்கத் தொடங்கினார். பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். சச்சினை அவுட்டாக்கும் பந்துவீச்சாளருக்கு அந்த நாணயம். கடைசி வரை அவுட்டாகாமல் நின்றால் சச்சினுக்கே. அப்படிச் சேர்ந்த நாணயங்களைப் பெரிய சொத்தாக வைத்திருப்பதாக அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். திடலுக்குப் பக்கத்து வீடு ஒரு பிள்ளைக்கு என்ன கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அது கொடுத்ததெல்லாம் சாதாரண நாளில், மேடையும் பந்தலும் இல்லாத வெறும் மண்ணில்.

அதே மண்ணில்தான் சிவசேனா தொடங்கிய 1966-ஆம் ஆண்டே அதன் முதல் தசராக் கூட்டமும் நடந்தது. அதன் பிறகு தசரா என்றால் சிவாஜி பார்க் என்றாயிற்று. 2012 நவம்பர் 18 அன்று கட்சியின் நிறுவனர் பால் தாக்கரேயின் தகனமும் அங்கேயே. 2022 பிப்ரவரி 6 அன்று லதா மங்கேஷ்கருக்கும் அங்கேதான் இறுதிச் சடங்கு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளில், பக்கத்தில் கடற்கரையோரம் இருக்கும் சைத்யபூமிக்கு இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். விதர்ப்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் இரவெல்லாம் ரயிலில் வருகிறவர்களுக்கு மாநகராட்சி சிவாஜி பார்க்கில்தான் பந்தல் போடுகிறது. தண்ணீர், கழிப்பிடம், மருத்துவ முகாம், வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். அந்த நாளின் புத்தக விற்பனையைப் பார்த்தவர்கள் கூட்டம் என்றாலே கூச்சல் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஆண்டின் மற்ற நாட்களிலும் மேடைகள் பெருகின. இன்று அரசியல் கூட்டம், நாளை கண்காட்சி, மறுநாள் பாட்டுக் கச்சேரி. பிள்ளைகள் விளையாட வந்தால் மூங்கில் கழியும் ஆணிக்குழியும். சுற்றுவட்டாரத்து மக்களின் அறக்கட்டளை ஒன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 2010 மே மாதம் நீதிமன்றம் சிவாஜி பார்க்கை அமைதி மண்டலம் என்று அறிவித்தது. குடியரசு தினம், மகாராஷ்டிர தினம், டிசம்பர் 6 ஆகியவற்றுக்கு விலக்கு. கட்சிகள் கொதித்தன, தசராக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டு ஆண்டுதோறும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பின்னர் மாநில அரசு ஒரு கணக்கைக் கொண்டுவந்தது: விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்கு ஆண்டில் 45 நாட்கள். மிச்சமுள்ள 320 நாட்களும் மட்டையோடும் பந்தோடும் வருகிறவர்களுக்கு.

இந்த 45 என்ற எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. 30 ஆக இருக்கலாம், 60 ஆக இருக்கலாம், சண்டை போட்டு முடிவு செய்யலாம். ஆனால் ஓர் எண் வேண்டும். எண் இருந்தால்தான் “இந்த ஒரு நாள் மட்டும்” என்ற பேச்சுக்கு எல்லை உண்டு. ஒவ்வொரு விழாக்குழுவும் தன்னுடையது ஒரே ஒரு நாள்தானே என்று நினைக்கிறது. அது உண்மைதான். அப்படிப்பட்ட நூறு ஒரே ஒரு நாட்களையும் சேர்த்துத் தாங்குகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்.

சிவாஜி பார்க்கிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022-இல் பிளவுபட்ட சிவசேனாவின் இரு தரப்பும் ஒரே தசரா நாளுக்கு மைதானத்தைக் கேட்டு, மாநகராட்சி இருவருக்கும் மறுத்து, கடைசியில் உயர் நீதிமன்றம் உத்தவ் தாக்கரே தரப்புக்கு அனுமதி தந்தது. ஒலியளவு விதியைத் தாண்டுவதை ஒலி மாசுக்கு எதிராக இயங்கும் ஆவாஸ் பவுண்டேஷனின் சுமைரா அப்துலாலி கருவியோடு போய் அளந்து வெளியிட்டு வருகிறார். மைதானத்தில் கொட்டிய செம்மண் கோடையில் கிளம்பி வீட்டுக்குள் படிவது தனிப் போராட்டம். ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சட்டம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்தச் செம்மண் ஒரு பாடம்.

சத்தத்துக்கு நாடு முழுவதற்கும் விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நான்கு வகைப் பகுதிகளைப் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பேட்டையில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகலாம். அங்கே 50, 40. இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. 55-க்கும் 85-க்கும் இடையே ஆயிரம் மடங்கு.

இன்னொன்றும் உண்டு. கச்சேரி நடக்கும் திடலுக்கு அருகில் இருப்பவர்கள் “பாட்டு கேக்கல, இடிதான் கேக்குது” என்பார்கள். அவர்கள் சொல்வது இயற்பியல்படியும் சரி. பாஸ் ஸ்பீக்கரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதைச் சுவரோ சாத்திய ஜன்னலோ பெரிதாகத் தடுப்பதில்லை. பாடகரின் குரல் வழியிலேயே தேய்ந்துவிட, பாஸ் மட்டும் வீட்டுக்குள் வந்து பாத்திர அலமாரியை அதிரவைக்கிறது. வழக்கமாக ஒலி அளக்கும் முறையோ மனிதக் காதின் கூர்மைக்கேற்ப இந்தத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. கருவியில் எண் விதிக்குள் இருக்கும், கட்டில் அதிர்ந்துகொண்டிருக்கும். புகார் கொடுப்பவர் பொய் சொல்கிறார் என்று போலீஸ்காரர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதியை நிஜமாகவே நடத்திக் காட்டிய இடமும் உண்டு. 2012 ஜூலை 14, லண்டன் ஹைட் பார்க். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் மேடையேறிப் பாடி முடிக்க, அனுமதித்த இரவு பத்தரை மணி கடந்துவிட்டதால் மைக் அணைக்கப்பட்டது. இருவரும் நன்றி சொன்னதுகூட யாருக்கும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் புகாரை அடுத்து அந்தப் பூங்காவில் ஆண்டுக்கு 13 பெரிய கச்சேரிகள் என்றிருந்தது 2013 முதல் 9 ஆகக் குறைக்கப்படுவதென்று முடிவாகியிருந்த சமயம் அது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் பத்தரை மணி பத்தரை மணிதான் என்ற அந்த முடிவு கடுமையானது, சரியானதும்கூட.

ஆனால் சத்தத்தைவிடப் பெரிய விஷயம் உயிர்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழா சாகசத்தைப் பார்க்க மெரினாவில் பல இலட்சம் பேர் கூடினார்கள். வடக்கே கும்மிடிப்பூண்டித் தடத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் உண்டு. காலை 11 மணிக்கு ஆரம்பித்து மதியம் ஒரு மணி வரை, தலைக்கு மேல் உச்சி வெயில். வெயிலில் மயங்கியவர்கள் ஏராளம். ஐந்து பேர் இறந்தார்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. சாலைகள் மணிக்கணக்கில் நகரவில்லை. அன்று தண்ணீர் கிடைக்காமல் தவித்தவர்களுக்குக் குடத்தையும் பாட்டிலையும் தூக்கி வந்து கொடுத்தவர்களில் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கும் சாதாரண மக்களும் இருந்தார்கள். விழா ஏற்பாட்டில் அவர்களுக்கு எந்தப் பொறுப்பும் தரப்படவில்லை. யாரும் அவர்களைக் கலந்து பேசவும் இல்லை. எந்தச் சந்து எங்கே முடியும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த வீட்டுத் திண்ணையில் நிழல் உண்டு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். திட்டமிடும் கூட்டத்தில் அவர்களில் பத்துப் பேரை உட்காரவைத்திருந்தால் தண்ணீர்ப் பந்தல் எங்கே வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டியிருப்பார்கள்.

திடலே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில், சாலையில் நடந்த அரசியல் பிரசாரக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. பெருங்கூட்டம் கூட வேண்டுமானால் அதற்கு அகலமான, பல வழி உள்ள வெட்டவெளி வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அந்த இரவில் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. திடல்கள் தேவை. தீவுத்திடலை 50 கோடி ரூபாயில் கண்காட்சி அரங்கும் திறந்தவெளி அரங்கும் கொண்ட நகரச் சதுக்கமாக மாற்றுவதாக 2023 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்ததும் வரவேற்க வேண்டியதுதான். அரங்குக்கு வரைபடம் போடும்போதே ஆண்டில் எத்தனை இரவு என்ற எண்ணையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும்.

இதெல்லாம் மும்பைக்கும் சென்னைக்கும் உரிய கவலை, கும்மிடிப்பூண்டிக்கு என்ன என்று கேட்கலாம். சென்னைக்கு இல்லாத ஒரு கவலை கும்மிடிப்பூண்டிக்கு இருக்கிறது.

சிப்காட் தொழிற்பேட்டையில் எந்திரங்கள் இரவிலும் நிற்பதில்லை. நைட் ஷிப்ட் முடித்து, உருக்காலைத் தூசியைக் கழுவிவிட்டு ஒருவர் படுக்கும்போது விடிந்து வெயில் ஏறியிருக்கும். மேலே சொன்ன விதிகளில் காலை 6 முதல் இரவு 10 வரை பகல். அந்த நேரத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது எளிது. அதாவது சட்டம் எதைப் பகல் என்கிறதோ அதுதான் அவருக்கு இரவு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்கோ தகரக் கூரை, ஒற்றை ஜன்னல். இலங்கைத் தமிழர் முகாமின் நெருக்கமான வீடுகளிலும் சத்தத்திலிருந்து ஒதுங்கிப் போய்ப் படுக்கத் தனி அறை கிடையாது. பக்கத்து மைதானத்தில் காலை எட்டு மணிக்கு “மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ” என்று ஆரம்பித்தால், அன்றிரவு தூக்கக் கலக்கத்தோடு அந்த நைட் ஷிப்ட்காரர் பிரஸ் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். சத்தத்தால் போன தூக்கம் தொழிற்சாலைக்குள் விரலைப் பறிக்கும் ஆபத்தாகிவிடுகிறது. தொழில்நகரத்தில் விழா நேரத்தை வகுக்கிறவர்கள் ஷிப்ட் நேரத்தைப் பார்க்காமல் வகுக்கக் கூடாது. காலை 7 முதல் மதியம் 2 வரை ஒலிபெருக்கியை அடக்கி வைத்து, மாலையில் விழாவை நடத்துவதால் எந்த சாமியும் கோபித்துக்கொள்ளாது. எந்தக் கட்சிக்கும் ஓட்டு குறையாது.

கும்மிடிப்பூண்டியும் பொன்னேரியும் மீஞ்சூரும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கின்றன. ஆலைகள் பெருகுகின்றன, மனைகள் விற்கின்றன. இன்று ஊரெல்லையில் கிடக்கும் பள்ளி மைதானமும் பேருந்து நிலையத்தை ஒட்டிய காலி இடமும் பத்து வருடத்தில் நான்கு பக்கமும் வீடு சூழ்ந்த திடலாகிவிடும். சிவாஜி பார்க்கின் மக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெற்றதை, இங்கே சண்டையே இல்லாமல் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆண்டில் எத்தனை நாள் விழாவுக்கு, எத்தனை நாள் பிள்ளைகளுக்கு என்று உள்ளாட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட வேண்டும். தேதிகளைத் திடலின் வாசலில் தமிழிலும், வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்ட வேண்டும். விழா நடத்துகிறவர் வைப்புத்தொகை கட்டி, குழியை மூடி, குப்பையை அள்ளிக் கொடுத்த பிறகே அதைத் திரும்ப வாங்க வேண்டும். விழா நாளில் தெருக்காரர் அழைத்தால் எடுக்கிற ஒரு போன் எண் வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போகிறவர்கள் சாலை, சாக்கடை, தெருவிளக்கோடு இதையும் ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள். திடலைச் சுற்றி இருக்கும் வீடுகளில் இரண்டு பேரையாவது கையோடு அழைத்துப் போங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் ஒருவர் அதில் இருக்கட்டும்.